உப்பளக் கரையோரம் – 17: லோத்தின் மனைவியும் ஒரு வழக்கும்

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் உப்புப் பாத்திகள் கண்ணுக்கு எட்டும்வரை கிடக்கின்றன. தை பிறந்ததும் மண்ணை மிதித்துப் பதப்படுத்தத் தொடங்குவார்கள். ஐப்பசி மழை வந்து பாத்திகளைக் கரைக்கும்வரை வேலை ஓடும். மழை மாதங்களில் கூலி இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம்தான் கைக்கு வரும். சென்ற வாரம் கழுவெளிப் பறவைகளோடு நின்றோம். இந்த வாரம் எழுதப்போவது பலருக்குக் கசப்பாக இருக்கும். ஆனாலும் எழுத வேண்டும்.

இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் குறைவு. ஆனால் சிறு ஜெபவீடுகள் சாலையோரம் நிறைய உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மாதத்துக்கு ஒரு உபவாசக் கூட்டம், ஆண்டுக்கு ஒரு நற்செய்திப் பெருவிழா என்று அவை நடக்கின்றன. கூட்டத்துக்குப் போகாதவர் வீட்டுக்கும் கைபேசி வழியாகப் பிரசங்கம் வந்துவிடுகிறது. உப்பைப் பற்றிப் பேச விவிலியத்தில் பிரசங்கிக்கு இரண்டு இடங்கள் வாகாக அமைந்திருக்கின்றன. ஒன்று, மலைப்பொழிவில் இயேசு தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டது. மற்றது, ஆதியாகமம் 19-ஆம் அதிகாரம்: சோதோம் நகரம் எரியும்போது திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவி உப்புத்தூணானது. 2018 செப்டம்பருக்குப் பிறகு நம் காதில் அதிகம் விழுவது இரண்டாவதுதான். ‘கடைசிக் காலத்தின் அடையாளம்’, ‘மேல்நாட்டு அசுத்தம்’, ‘சோதோமின் ஆவி’ என்று அந்தச் செய்திகளில் வரும் சொற்கள் எல்லாம் தன்பாலீர்ப்பு கொண்டவர்களைக் குறிவைத்தவை.

அந்த செப்டம்பர் 6-ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கூடுவது இனிக் குற்றமில்லை என்றார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு அந்த அளவில் செத்தது. இதுவரை பட்ட அவமதிப்புக்கு வரலாறு தன்பாலீர்ப்பு கொண்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். மத்திய அரசு எந்தப் பக்கமும் சாயாமல், முடிவை நீதிமன்றத்திடமே விட்டுவிட்டது. பிரிவு நீடிக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் கேரளத்து அப்போஸ்தலிக்கச் சபைகளின் கூட்டமைப்பும், ஒடிசாவின் உத்கல் கிறிஸ்தவ அமைப்பும் இருந்தன. குடும்பம் சிதையும், எய்ட்ஸ் பெருகும் என்பவை எதிர்த்தரப்பின் வாதங்கள்.

இந்த இரண்டு அமைப்புகளும் அன்றைக்குப் புதிதாக வந்தவை அல்ல. 2009 ஜூலை 2-இல் டெல்லி உயர் நீதிமன்றம் (நீதிபதிகள் ஏ.பி. ஷா, எஸ். முரளிதர்) இதே பிரிவைத் தளர்த்தியபோது, மேல்முறையீட்டுக்கு ஓடியவர்களில் இவையும் உண்டு. வழக்குக்குத் தன் பெயரைக் கொடுத்த சுரேஷ்குமார் கௌசல் ஒரு சோதிடர். அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம், பாபா ராம்தேவின் சீடர் ஒருவர், மனுவின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய ஓர் அமைப்பு ஆகியோரும் அந்த வரிசையில் நின்றார்கள். வேறு எந்த மேடையிலும் ஒன்றாக உட்கார மாட்டாதவர்கள் இதற்காக ஒரே பக்கம் சேர்ந்தார்கள். 2013 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் வென்றார்கள். நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, எஸ்.ஜே. முகோபாத்யாய தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று இது: தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் மக்கள்தொகையில் மிக மிகச் சிறிய பங்கினர், 150 ஆண்டுகளில் 200 பேர்கூட வழக்கில் சிக்கவில்லை.

அந்தக் காரணத்தைக் கிறிஸ்தவ வாசகர்கள் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 6.12 சதவீதம். எண்ணிக்கையில் குறைந்தவருக்கு உரிமையும் குறைவு என்று ஒரு நீதிமன்றம் சொல்லலாம் என்றால், அந்தக் கத்தி முதலில் யார் கழுத்தில் இறங்கும்? அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் பெற்றவர்களில் சபைகளும் இருந்தன என்பது என் மனத்தை விட்டுப் போவதில்லை. சிறுபான்மையினர் இன்னொரு சிறுபான்மையினரின் காவலை நீக்கச் சொல்லி நீதிமன்றப் படியேறினார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இது தவறு.

இத்தனைக்கும் தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு இந்த ஆபத்து புத்தகத்தில் படித்ததல்ல. 2002 அக்டோபர் 5-இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மதம் மாறுவதை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது சட்டம். சபை வேறுபாடு பாராமல் ஆயர்களும் போதகர்களும் தெருவில் இறங்கினார்கள். சிறுபான்மைக் கல்வி நிறுவனங்கள் ஒருநாள் மூடப்பட்டன. ஒருவர் யாரை நம்புகிறார் என்பது அவர் மனசாட்சி. அதற்குள் அரசு தலையை நுழைக்கக் கூடாது என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஓரிடமும் பெறாமல் தோற்றது. சட்டமும் திரும்பப் போனது. திருச்சபை வாய் திறந்தால் கோட்டையில் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒருவர் யாரை நேசிக்கிறார் என்ற இடம் வந்தபோது மட்டும், அரசே, உள்ளே வா என்று சபைகள் அழைத்தது எப்படி?

377 விவிலியத்திலிருந்து வந்த சட்டம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த சட்டம். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைந்த தண்டனைச் சட்டம், 1860-இல் நிறைவேறி 1862 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. பக்கிங்காம் கால்வாயை மரக்காணம் வரை கொண்டுவந்த ஆட்சி, உப்புக்கு வரி போட்ட ஆட்சி, அதுவே இதையும் கொண்டுவந்தது. அந்த ஆட்சியின் தாய்நாட்டிலேயே 1957-இல் வோல்ஃபண்டன் குழு, தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது. அன்றைய கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் அந்தப் பரிந்துரையை ஆதரித்தார். அவருக்குப் பின் வந்த மைக்கேல் ராம்சே பிரபுக்கள் சபையிலேயே ஆதரித்துப் பேசினார். 1967-இல் சட்டம் மாறியது. இருவரும் தன்பாலுறவைப் பாவம் என்று கருதியவர்கள்தான். பாவம் வேறு, குற்றம் வேறு. பாவத்துக்குப் போலீஸ் வேண்டாம் என்பது அவர்கள் நிலை. 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, அந்த ஆங்கிலிக்கன் மரபையும் தன் வேர்களில் ஒன்றாகக் கொண்டது. 2013 தீர்ப்பு வந்தபோது மும்பையின் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் இதையேதான் சொன்னார்: குற்ற நீக்கத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்ததில்லை, தன்பாலீர்ப்பாளர்களைக் குற்றவாளிகளாகக் கருதியதும் இல்லை. 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸும் தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றமல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்தச் சொற்கள் நம் கிராமத்துப் பங்குக் கோயில்களில் எத்தனை பிரசங்கங்களில் ஒலித்தன?

சரி, சோதோமுக்கு வருவோம். கதையை முழுதாகப் படித்தால், லோத்தின் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வெளியே அனுப்பு என்று ஊரே சூழ்ந்து மிரட்டுகிறது. வந்தவர்களை வன்கொடுமை செய்வது நோக்கம். லோத்து அவர்களுக்குப் பதிலாகத் தன் இரண்டு மகள்களைத் தருகிறேன் என்கிறான். இந்தப் பகுதியைப் பெரும்பாலான பிரசங்கிகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒருவரையொருவர் விரும்பி வாழும் இரண்டு பேருக்கும் இந்தக் கும்பலுக்கும் என்ன உறவு? எசேக்கியேல் தீர்க்கதரிசி 16-ஆம் அதிகாரம் 49-ஆம் வசனத்தில் சோதோமின் அக்கிரமம் எது என்று பட்டியலே தருகிறார்: செருக்கு, வயிறு நிறைந்த சொகுசு, ஏழை எளியவரின் கையைத் தாங்காமல் விட்டது. இயேசு சோதோமை நினைவூட்டும் ஓர் இடம், தம் சீடர்களை ஏற்றுக்கொள்ளாத ஊர்களைப் பற்றிப் பேசும்போது. உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்த பெண்கள் அமர்ந்திருக்கும் கூட்டத்தில், சோதோமைப் பற்றிப் பேச எசேக்கியேலின் அந்த ஒரு வசனம் போதுமே!

பாவத்தைப் பற்றிப் பேசும் தகுதியையும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை பக்கம் இறையூரில், 2008 மார்ச்சில் என்ன நடந்தது? தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். சாதிக் கிறிஸ்தவர்களோடு மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே பலிபீடத்தின் முன் சாதி பார்ப்பதை நூற்றாண்டுகளாகப் பொறுத்துக்கொண்ட சபைக்கு, இரண்டு பேரின் அன்பு மட்டும் எப்படிப் பொறுக்க முடியாத அசுத்தமானது?

பிரசங்கம் சட்டமாகும் விதத்தை உகாண்டாவில் பார்க்கலாம். 2009 மார்ச்சில் அமெரிக்கப் போதகர் ஸ்காட் லைவ்லி கம்பாலாவில் தன்பாலீர்ப்புக்கு எதிராகக் கருத்தரங்கு நடத்தினார். அதே ஆண்டில் டேவிட் பஹாத்தி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் மரண தண்டனையோடு மசோதா கொண்டுவந்தார். அது தண்டனை குறைந்து 2014-இல் சட்டமாகி, நீதிமன்றத்தில் விழுந்தது. 2023 மே மாதம் மீண்டும் வந்தது. சில வகைக் குற்றங்களுக்கு மரண தண்டனையோடு. மேல்நாட்டு அசுத்தம் என்று நம் பிரசங்கிகள் சொல்வதை எதிர்ப்பதற்கான பிரசங்கமும் மேல்நாட்டிலிருந்துதான் அங்கே இறங்கியது.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே சபையின் செல்வாக்கு வேறுவிதமாக வேலை செய்கிறது: கட்சிகளை வாய்மூட வைக்கிறது. 377-ஐத் திருத்தும் சசி தரூரின் தனிநபர் மசோதாவை, 2015 டிசம்பரில் 71-க்கு 24 என்று அறிமுக நிலையிலேயே மக்களவை தள்ளியது. 2016 மார்ச்சில் மறுபடியும் 58-க்கு 14. மதத் தலைவர்களின் கோபத்தைச் சம்பாதிக்க எந்தக் கட்சிக்கும் விருப்பமில்லை என்றே இதை நான் படிக்கிறேன். தமிழ்நாடு 2008-இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆனால் தன்பாலீர்ப்பு என்று வந்தால், கிறிஸ்துமஸ் விழா மேடையில் ஆயரோடு கேக் வெட்டும் தலைவர்கள் எல்லோரும் மௌனம்.

அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பது வீடுகள். மகன் வேறுமாதிரி இருக்கிறான் என்று தெரிந்ததும் அவனை விடுதலை ஜெபத்துக்கு அழைத்துப் போகிறார்கள். ஆவியை விரட்டுகிறேன் என்று தலையில் கை வைத்து மணிக்கணக்கில் கத்துவது, பட்டினி போடுவது, பிறகு அவசரமாக ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைப்பது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்த்துப் போகிறது. 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் தொடுத்த வழக்கில், இந்த இயல்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடைசெய்தார். தீர்ப்புக்கு முன் தன் அறியாமையைத் தீர்த்துக்கொள்ள ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றதையும் பதிவுசெய்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய முயற்சிகளைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. ஆனால் மருத்துவருக்குப் போட்ட கடிவாளம் ஜெபக் கொட்டகைக்கு எட்டாது. அமெரிக்காவில் ஜெபத்தால் மாற்றுகிறோம் என்று 1976 முதல் இயங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பே, 2013-இல் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கதவை மூடியது. அங்கே கைவிடப்பட்டதை இங்கே இன்னும் ஊழியம் என்கிறார்கள்.

சபைக்குள் வேறு குரல்களும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நியாயமாகாது. இந்தியத் திருச்சபைகளின் தேசியக் கழகம் பாலினப் பன்மை குறித்துப் பல ஆண்டுகளாக இறையியல் கல்லூரிகளோடு உரையாடல் நடத்தி வருகிறது. இறையியலாளர் ஜார்ஜ் சகரியா, சபையின் வெறுப்பையே ஆய்வுப்பொருளாக்கி நூல் தொகுத்தார். இந்தியச் சுவிசேஷத் திருச்சபை, பாரதி என்ற திருநங்கையைப் போதகராக்கியது. அவர் ஊழியம் செய்தது மரக்காணத்துக்கு வடக்கே, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்.

இந்தக் கரையின் ஆயர்களிடமும் போதகர்களிடமும் நான் கேட்பது பெரிதல்ல. உங்கள் இறையியலை இன்றே மாற்றச் சொல்லவில்லை. விடுதலை ஜெபம் என்ற பெயரில் பிள்ளைகளை வதைப்பதை நிறுத்துங்கள். தன்பாலீர்ப்பாளர்கள் குற்றவாளிகள் அல்ல என்று கர்தினாலும் போப் பிரான்சிஸும் சொன்னதைப் பிரசங்க பீடத்தில் ஒருமுறையாவது சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வயதுவந்த இருவர் தம் விருப்பத்தோடு சேர்ந்திருக்க, பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, துன்புறுத்தாமல் போலீஸ் அந்தப் புகாரை முடித்துவிட வேண்டும். இது 2021 ஜூன் 7 தீர்ப்பின் ஆணை. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.