தண்ணீர் ஏறாத மோட்டார்

கிணற்றில் நீர் உண்டு, மோட்டாரும் ஓடுகிறது, மேல்தொட்டியில் மட்டும் ஒரு சொட்டும் விழவில்லை. கோடை பிறந்ததும் அங்கத்தினர் இல்லங்களில் எழும் இம்முறையீடு, சில நாட்களில் ஆழ்துளைக் கிணற்றுக்கான கடன் மனுவாகச் சங்கத்தின் மேசைக்கு வந்துவிடுகிறது. மனுவைப் பரிசீலிக்கும் நமக்கு எழும் முதல் ஐயம் இதுவே: நோய் கிணற்றிலா, குழாயிலா? தேய்ந்துபோன ஒரு வாசருக்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் தவணை கட்டுவது தகுமா? பாவுக்குக் கஞ்சி போடும் நாளில் நீர் நின்றால் நெசவாளருக்கு நிதானம் இராது என்பதையும் நாம் அறிவோம்.

பம்பு நீரை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் பம்பு குழாயினுள் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின்மேல் அழுந்தும் வெளிக்காற்றே நீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அக்காற்று தாங்கவல்லது ஏறக்குறைய 34 அடி நீரைத்தான். உராய்வு முதலியன போக, தரைமேல் வைத்த சாதாரண பம்புக்கு 20 முதல் 25 அடி வரையே கைகூடும். ஆகவே முதற்கண் கயிற்றில் கல்லைக் கட்டி, பம்பின் மட்டத்திலிருந்து நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளத்தல் வேண்டும். 30 அடி என்றால் பம்பின்மேல் குற்றமில்லை. கிணற்றினுள் மேடை கட்டிப் பம்பை இறக்க வேண்டும். அன்றேல் ஜெட் பம்போ நீர்மூழ்கி மோட்டாரோ தேவை.

ஆழம் சரியாக இருந்தும் நீர் ஏறவில்லையெனில், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பம்பின் தலைமூடியைத் திறந்து நீரை நிரப்புக. ஊற்றிய நீர் இறங்கிக்கொண்டே இருக்குமானால் எங்கோ கசிவு உண்டு. குழாய் இணைப்புகளில் ஈரம் தெரிந்தால் குற்றம் அங்கே. அவை உலர்ந்திருப்பின், அடியிலுள்ள புட்வால்வில் தூசியோ இலையோ சிக்கியிருக்கும். அல்லது அதன் வாசர் தேய்ந்திருக்கும். நீர் இறங்காமல் நின்றும் பம்பு ஓடும்போது காற்றுக் குமிழிகளே வருமாயின், மெக்கானிக்குகள் 'ஏர் இழுக்கிறது' என்பார்களே, அதுதான். உறிஞ்சு குழாயின் நுண்ணிய துளை நீரை வெளியே சிந்தாது. காற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால், நுரை உள்ளே இழுபடும் இடம் அதைக் காட்டிக்கொடுக்கும். நீரின்றி மோட்டாரை ஓடவிட்டுப் பார்ப்பது மட்டும் ஆகாது, சீல் கருகிவிடும்.

மோட்டார் ஓடாமல் 'உம்' என்று முனகுவது வேறு நோய். உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். தாமதித்தால் சுருள் எரியும். பின்னர், பியூசையும் எடுத்துவிட்டு, தண்டைக் கையால் திருப்பிப் பார்க்கலாம். சுற்றாவிடில் துருவோ கல்லோ இம்பெல்லரைப் பிடித்திருக்கிறது. எளிதாகச் சுற்றினால் கண்டென்சர் பழுதாயிருக்கக்கூடும்; முழு மோட்டாருக்கும் காயில் கட்டச் சொல்பவரிடம் முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுக. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆதலால் அதைத் தொடுவது தொழில் தெரிந்தவரின் வேலை. மின்னழுத்தக் குறைவையும் மறத்தலாகாது. 230 வோல்ட் மோட்டாருக்கு 180 வோல்ட்டே கிடைத்தால் அதன் திருப்பும் வலு ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகிவிடும்.

இனி ஆழ்துளைக் கிணற்றுக்கு மனுச் செய்யும் அங்கத்தினர், நீர்மட்டத்தின் ஆழத்தையும், ஊற்றிய நீர் நின்றதா இறங்கியதா என்பதையும் மனுவின் பின்புறத்தில் குறித்தனுப்புமாறு வேண்டுகிறோம்.