மோட்டார் மெக்கானிக் படிப்பு: செலவு எவ்வளவு? வரவு எவ்வளவு?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்கே ஒரு தொழிலாளி குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். கார் என்றால் அவனுக்கு உயிர்.

"மெக்கானிக் வேலைக்குப் படிக்கப் போகிறேன்" என்கிறான் மகன்.

"இரண்டு வருடமா? இன்றைக்கே வேலைக்குப் போனால் நாலு காசு கிடைக்குமே!" என்கிறார் தந்தை.

யார் சொல்வது சரி? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்!

வீட்டிலிருந்தே படிக்கலாம்

அமெரிக்காவில் "சமுதாயக் கல்லூரி" என்று ஒரு வகைக் கல்லூரி உண்டு. இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜோலியட் என்னும் ஊரில், 1901-ம் ஆண்டில் இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. இன்று நாடு முழுவதும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே போய் வரலாம். இரண்டு ஆண்டு படித்தால் ஒரு பட்டம் கிடைக்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியும் அப்படிப்பட்டதே. 1925-ல் அது ஒரு தொழிற்பள்ளியாகத் தொடங்கியது. மோட்டார் வேலையும் அங்கே கற்றுக் கொடுக்கிறார்கள்.

நாலு வாரக் கூலி!

கலிபோர்னியா மாநிலத்தில் பாடங்களை "யூனிட்" கணக்கில் அளக்கிறார்கள். அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். இது 2012 முதல் உள்ள கட்டணம். பட்டத்துக்கு 60 யூனிட் வேண்டும். ஆக மொத்தம் 2,760 டாலர்.

இது பெரிய தொகையா? 2025-ல் அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர் 50 சென்ட். வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு, இரண்டு ஆண்டுக் கல்விக் கட்டணம் நாலு வாரக் கூலிக்குச் சற்றே அதிகம். அவ்வளவுதான்! ஏழை மாணவர்களுக்கு அந்தக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிறார்கள்.

அப்படியானால் தந்தை ஏன் தயங்குகிறார்?

கண்ணுக்குத் தெரியாத செலவு

இழக்கும் கூலிதான் காரணம்! குறைந்தபட்சக் கூலிக்கு முழு நேர வேலை பார்த்தால் ஆண்டுக்கு 34,320 டாலர் வரும். இரண்டு ஆண்டுக்கு 68,640 டாலர். வேலையை அடியோடு விட்டுவிட்டுப் படித்தால், அத்தனையும் போய்விடும். கல்விக் கட்டணம் அதன் பக்கத்தில் ஒரு தூசு!

பாதி நேரம் வேலை, பாதி நேரம் படிப்பு என்று இருந்தால், இழப்பும் பாதியாகிவிடும். கார் விற்பனை நிலையத்தின் பட்டறையிலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் திட்டங்களும் உண்டு.

இன்னொரு செலவு கருவிகள். அங்கே மெக்கானிக் தன் சொந்த ஸ்பானர், சுத்தியலோடு வேலைக்குப் போவது வழக்கம். கருவி வியாபாரிகள் வேன்களில் பட்டறைக்கே வந்து கடனுக்குக் கொடுப்பார்கள். வாரத் தவணைதானே என்று வாங்குவார்கள். கடன் பல ஆயிரம் டாலருக்கு ஏறிவிடும்!

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு விதி உண்டு. குறைந்தபட்சக் கூலியைப் போல் இரண்டு மடங்காவது கொடுத்தால்தான், சொந்தக் கைக்கருவி கொண்டு வரும்படி முதலாளி சொல்லலாம். இல்லையென்றால் அவரே கொடுக்க வேண்டும்.

வரவு என்ன?

2024 மே மாத அரசாங்கக் கணக்குப்படி, அமெரிக்க மெக்கானிக்குகளில் பாதிப் பேர் ஆண்டுக்கு 49,670 டாலருக்கு மேல் வாங்கினார்கள். மற்றப் பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்கினார்கள்.

மேலே சொன்ன 34,320 டாலரை விட இது 15,350 டாலர் அதிகம். பாதி நேரம் வேலை செய்து படித்தவனுக்கு, இழந்த கூலியும் கட்டணமும் சேர்ந்து 37,080 டாலர். இரண்டரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்!

ஆனால் அவசரப்படக் கூடாது. புதியவனுக்கு எடுத்த எடுப்பில் அந்தச் சம்பளம் கிடைக்காது. கருவிக் கடன் வேறு இருக்கிறது. ஆகவே இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும்.

"புத்தக மணி"

சம்பளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பல பட்டறைகளில் கூலி கடிகாரத்தைப் பார்த்து அல்ல, புத்தகத்தைப் பார்த்து! பிரேக் வேலைக்கு இரண்டு மணி நேரம் என்று புத்தகத்தில் இருந்தால், இரண்டு மணிக் கூலிதான். ஒன்றரை மணியில் முடித்தால் லாபம். மூன்று மணி ஆனால் நஷ்டம்! கை தேர்ந்தவர் அள்ளுவார். புதியவர் திணறுவார்.

வண்டி வராமல் சும்மா காத்திருந்தால்? கலிபோர்னியாவில் அந்த நேரத்துக்கும் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை.

படிப்பால் என்ன பயன்?

பட்டறையிலேயே தொழில் கற்கக் கூடாதா? கற்கலாம். ஆனால் 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் கோளாறைக் காட்டும் கம்ப்யூட்டர் அமைப்பு கட்டாயம். அது காட்டுவது ஒரு குறிதான். அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க மின்சாரப் பாடம் வேண்டும்.

மெக்கானிக்குகளின் திறமைக்குச் சான்றிதழ் கொடுக்க 1972-ல் ஒரு தேசிய நிறுவனம் ஏற்பட்டது. அதன் பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். மோட்டார் பட்டம் பெற்றவருக்கோ ஒரு ஆண்டே போதும்!

ஆகவே மகன் சொல்வதும் சரி; தந்தை பயப்படுவதும் சரி. வேலை பார்த்துக்கொண்டே படித்தால் லாபம். வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கிப் படித்தால் பாரம்.

கல்லூரியில் சேருமுன் தந்தையும் மகனும் ஒரு பட்டறைக்குப் போய் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கூலி கடிகாரப்படியா, புத்தகப்படியா? கருவி யாருடையது? படிக்கும்போதே வேலை தருவீர்களா?

அந்த மூன்று பதிலில்தான் குடும்பத்தின் இரண்டு ஆண்டு உழைப்பு இருக்கிறது.