பழைய காருக்கு மறு வாழ்வு – 7: தேகமும் தஸ்தாவேஜும்

புகையின் நிறத்தைக் கொண்டும், ஆயில் மூடியின் அடியில் படிந்திருக்கும் பால் நிறக் கசடைக் கொண்டும் யந்திரத்தின் உள் வியாதியை ஒருவாறு அறிந்துகொள்ளலாம் என்றும், அது எதுவாயினும் பணமும் பொறுமையும் உள்ளவருக்குத் தீர்க்கக்கூடியதே என்றும் சென்ற வாரம் சொன்னேன். இவ்வாரம் தீராத வியாதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்த விலைக்குப் பழைய கார் வாங்கிச் சீர்செய்து விற்கும் தொழிலில் இறங்கிக் கைப்பொருளை இழந்தவர்களில் பெரும்பாலோர் யந்திரத்தினால் இழந்தவர்கள் அல்லர். துருவேறிய தகட்டினாலும் ஒழுங்கற்ற காகிதத்தினாலும் இழந்தவர்களே என்பது என் திடமான அபிப்பிராயம்.

நாம் உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கும் மாருதி 800, 1983 டிசம்பரில் இந்திரா காந்தி அம்மையாரின் கையால் முதல் சாவி வழங்கப்பட்டு வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் யந்திரத்தின் குடும்பமே ஆம்னியிலும் பழைய ஆல்ட்டோவிலும் ஓடியதால், உதிரிப் பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை; சென்னைப் புதுப்பேட்டையின் குறுகிய சந்துகளில் கியர் பெட்டி முதல் கதவுக் கைப்பிடி வரை தேடிப் பிடிக்கலாம்; சிற்றூரின் சாலையோர மெக்கானிக்கும் தயக்கமின்றி அதைப் பிரித்துப் பூட்டுவார். இந்தச் சௌகரியமே புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களின் கண்ணை மறைத்துவிடுகிறது.

லாரிக்கு இருப்பதுபோல் இந்தக் காருக்குத் தனியான சேசிஸ் சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுக்கு அடியில் ஓடும் பக்கச் சட்டமும், முன்புறத்து ஏப்ரானும் ஒன்றோடொன்று வெல்டு செய்யப்பட்டு, அவையே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகையால் துரு என்பது இங்கே அழகைக் கெடுக்கும் குறை மட்டுமன்று, பிரயாணம் செய்கிறவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்றில் வெகுகாலம் நின்ற வண்டியையும், கோயம்புத்தூரின் உலர்ந்த காற்றில் ஓடிய வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை. மேலே புதுப் பெயிண்டு பளபளக்கும். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் ஊறித் தகடு செதில் செதிலாக உரியும். கதவின் கீழ் விளிம்பில் மழைநீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தால், உள்ளிருந்தே அரிப்பு தொடங்கிவிட்டது என்று அறியலாம். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தத்தைக் கதவோரமாகவும் சக்கர வளைவோரமாகவும் நகர்த்திச் செல்லுங்கள். எந்த இடத்தில் அது பிடிப்பின்றி நழுவுகிறதோ, அந்த இடத்தில் இரும்பு போய்ப் பட்டி பூசப்பட்டிருக்கிறது.

தரையில் ஓட்டை விழுந்திருந்தால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு செய்து, பிரைமரும் அடிப்பூச்சும் கொடுத்துவிடலாம். அது செலவுதான், ஆனால் யோக்கியமான செலவு. முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் மேலே வந்து பொருந்துகிற ஏப்ரான் பகுதியே அரித்துப்போயிருந்தால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும், யந்திரம் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பட்டியைப் பூசிப் பெயிண்டடித்து, குழந்தை குட்டிகளோடு ஏறிப் போகப்போகிற ஒரு குடும்பத்தாரிடம் கொடுப்பதை வியாபார சாமர்த்தியம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

விலையை நிர்ணயிக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீர்செய்த பின் 80,000 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிங்கரிங், பெயிண்டு, டயர், கிளட்ச் எல்லாம் சேர்த்து 30,000, காகிதச் செலவு 10,000, நமது உழைப்புக்கும் எதிர்பாராத செலவுக்கும் 15,000 என்று கழித்தால், 25,000க்கு மேல் ஒரு காசும் கொடுக்கலாகாது. இந்தத் தொழிலில் லாபம் வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

அந்தக் காகிதச் செலவை அற்பமாக எண்ணுவோர் பலர். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அப்பால் தகுதிப் பரிசோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்கு மேல் பசுமை வரியும் உண்டு. சென்னையில் புது மாருதி 800 விற்பனை, பி.எஸ். 4 புகை விதி வந்த 2010 ஏப்ரலோடு நின்றுவிட்டது. ஆகவே அந்நகரில் புதிதாய் விற்கப்பட்ட 800 எதுவாயினும் இந்த 15 ஆண்டுக் கெடுவைத் தாண்டியது என்றே கொள்ளலாம்.

தகட்டில் பொறித்த சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரதி எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கடன் தீர்ந்து பல வருஷங்கள் ஆன பின்னும், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீக்கப்படாமலே இருப்பதுண்டு. அந்த நிறுவனமே மூடப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35இல் கையெழுத்திட ஆள் கிடையாது. சொந்தக்காரர் காலமாகியிருந்தால் வாரிசுகள் படிவம் 31இன் மூலம் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே வாங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அபாயமானது, உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்கியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, வண்டியைக் கைமாற்றிக்கொண்டே போகும் வழக்கம். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. நம்மை நம்பிக் காரைக் கொடுத்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், என்றோ தம் வீட்டு வாசலிலிருந்து போய்விட்ட வண்டிக்காக நீதிமன்றப் படியேறும் நிலை இதனால் உண்டாகலாம். 2023 ஏப்ரல் முதல், பழைய கார் வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெறவும், கார் தங்களிடம் ஒப்படைக்கப்பட்டதைப் படிவம் 29சி வழியாகப் பதிவு செய்யவும் வகை செய்யப்பட்டிருக்கிறது; அப்படிச் செய்துவிட்டால் விற்றவரின் பொறுப்பு நம்மிடம் வந்துவிடும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கார் செய்பவர், தம் பெயருக்கே மாற்றிக்கொண்டு பிறகு விற்கட்டும். ஆர்.சி.யில் ஒரு சொந்தக்காரர் அதிகமாவதால் விலை சிறிது குறையும். அந்தக் குறைவையும் முன் சொன்ன கணக்கில் கழித்துவிட்டே விலை பேச வேண்டும்.

அடுத்த வாரம் டிங்கரிங் பட்டறைக்குள் போவோம்.