எஞ்சினியர் படிப்பு: கணக்குப் பார்ப்போமா?

கல்முனைக்குத் தெற்கே ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நம்ம பிள்ளைக்கு இயந்திரப் பொறியியல் கிடைத்தால் பாடக் கட்டணம் இல்லை. செலவே இல்லையா? இருக்கு. நான்கு வருசம் ஒரு ஆள் சம்பளம் வீட்டுக்கு வராது. 2024இல் நிர்ணயித்த 1350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் மாதம் 25 பேர் போட்டால் 33,750. நான்கு வருசத்துக்கு 16,20,000. மலைப்பாத்தான் இருக்கும். ஆனால் அதையே 30 வருச உத்தியோகத்துக்குப் பிரித்தால் மாதம் 4500தான்! தோட்டச் சம்பளத்தைவிட அவ்வளவு கூடக் கிடைத்தாலே விட்ட சம்பளம் திரும்பிவிடும். சாப்பாடு, பஸ், புத்தகச் செலவு தனி. மகாபொல கிடைத்தால் கொஞ்சம் தாங்கும்.

தனியார் படிப்பென்றால் கட்டணமும் வட்டியும் ஏறும். நகையை அடகு வைக்குமுன், அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் ஏற்கிறதா என்று கேளுங்க.