தகடு மிதப்பதும் படிவதும் தண்ணீரைப் பொறுத்தது

மலேசியாவின் பொந்தியான் மாவட்டத்தில் பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களின் நடுவே வெட்டியிருக்கும் கால்வாய்களில் தண்ணீர் தே-ஓ (பாலில்லாத் தேநீர்) நிறத்தில் கிடக்கும். அது அழுக்கு அல்ல. கம்புட் எனப்படும் சதுப்புக் கரிமண்ணில் காலங்காலமாக மக்கிக் கிடக்கும் மரமும் வேரும் இலையும் வெளிவிடும் ஹியூமிக் அமிலங்களின் நிறம். அந்த மண்ணின் பிஎச் அளவு 3-க்கும் 4-க்கும் இடைப்பட்டது. பல பயிர்கள் திணறும் அந்தப் புளிப்பை அன்னாசி தாங்கிக்கொள்ளும்.

நானோ ஆய்வகங்களில் ஓயாமல் கேட்கப்படும் ஒரு கேள்வியை இந்தத் தண்ணீரை வைத்துக் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஓரிரு அணு தடிமனுக்கு உரித்தெடுத்த தகடுகளைத் தண்ணீரில் விட்டால், அவை எத்தனை காலம் தனித்தனியாகக் கலந்திருக்கும்?

கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் எனும் ஒற்றைப் படலத்தை ஒட்டுநாடாவால் பிரித்துக் காட்டியது மான்செஸ்டர் குழு, ஆண்டு 2004. ஒட்டுநாடாவை நம்பித் தொழிற்சாலை நடத்த முடியாது. டப்ளினில் ஜோனதன் கோல்மன் குழு 2008-இல் கரிமக் கரைப்பானில் கிராஃபைட்டைப் போட்டு மீயொலியால் உரித்தது. 2014-இல் சமையலறை பிளெண்டரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும் என்று காட்டியது. காந்திநகர் ஐஐடியில் கபீர் ஜசூஜா குழு 2015-இல் மெக்னீசியம் டைபோரைடை வெறும் தண்ணீரிலேயே மீயொலியால் உரித்து, போரான் அடுக்குகள் கொண்ட தகடுகளைப் பெற்றது. மை, வடிகட்டி, மின்கலம் என்று இவற்றுக்குப் பல இடங்களில் வேலை இருக்கிறது.

உரிப்பதைவிட உரித்ததைக் காப்பதுதான் கடினம். இந்தத் தகடுகளுக்கு முகம் அகலம், தடிமனோ இல்லாத மாதிரி. இரண்டு முகங்கள் நெருங்கினால் வான்டெர்வால்ஸ் ஈர்ப்பு பிடித்துக்கொள்ளும், மறுபடியும் அடுக்காகிவிடும். அதைத் தடுப்பது மின்னூட்டம். எல்லாத் தகடும் எதிர்மின்னூட்டம் பெற்றிருந்தால் ஒன்றையொன்று தள்ளும். கிராஃபீனுக்கு இயல்பாக அது கிடையாது. சோப்பு மூலக்கூறு தன் வாலால் தகட்டில் ஒட்டிக்கொண்டு, மின்னூட்டம் உள்ள தலையை வெளியே நீட்டி அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆக்சிஜன் சேர்ந்த கிராஃபீன் ஆக்சைடுக்கு அந்த மின்னூட்டத்தைத் தரும் அமிலத் தொகுதிகள் சொந்தமாகவே உண்டு.

ஆய்வகத்தில் கண்ணாடிப் புட்டியை அசைக்காமல் வைத்து ஒளிக்கற்றையைப் பாய்ச்சுவார்கள். தகடுகள் மிதக்கும்வரை ஒளிப்பாதை தெளிவாகத் தெரியும். படியத் தொடங்கினால் மேலிருந்து கீழாக நீர் தெளியும். அடியில் கருமை சேரும். நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பழைய தகடுகள் திரும்பி வராது.

இந்தச் சோதனை பெரும்பாலும் வடிநீரில் நடக்கிறது. என் மனக்குறையே அதுதான். வடிநீரில் தகட்டின் மின்விலக்கம் வெகுதூரம் எட்டும். உப்பு சேரச் சேர எதிர் அயனிகள் தகட்டைச் சூழ்ந்து அந்தத் தூரத்தைக் குறுக்குகின்றன. கடல்நீரில் அது அரை நானோமீட்டர்கூட இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆய்வாளர்கள் 2013-இல் அளந்து சொன்னார்கள்: கிராஃபீன் ஆக்சைடு திரள லிட்டருக்கு 44 மில்லிமோல், அதாவது சுமார் 2.6 கிராம் சாதாரண உப்பு வேண்டும். கால்சியம் குளோரைடு என்றால் 0.9 மில்லிமோல், வெறும் 0.1 கிராம் போதும். இரட்டை மின்னூட்டம் உள்ள அயனிக்கு அவ்வளவு வலு.

இப்படித் திரளவைத்துப் படியச் செய்வது புதிதல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசுவார்கள். களிமண்ணும் சுமார் ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளின் அடுக்குதான். கொட்டையிலிருந்து கரையும் நீண்ட மூலக்கூறுகள் களிமண் துகள்களுக்கிடையே பாலம் போட்டுக் கீழே இறக்குகின்றன. நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரத்தின் அலுமினியம் மின்னூட்டத்தை முறித்து அதே பலனைத் தருகிறது.

கம்புட் தண்ணீரில் இரண்டு சக்திகள் எதிரெதிராக இழுக்கும். புளிப்பு, அமிலத் தொகுதிகளின் மின்னூட்டத்தைக் குறைத்துத் தகடுகளைத் திரளத் தூண்டும். மேலே சொன்ன 2013 அளவீடுகளில் பிஎச் 4 முதல் 10 வரை பெரிய மாற்றம் இல்லை. நம் கால்வாய் நீர் அந்த வரம்புக்குக் கீழேயும் போகும். ஹியூமிக் அமிலமோ தகட்டின் மேல் போர்த்திக்கொண்டு, நெருங்கவிடாமல் தடுக்கும். கரிமப் பொருள் மிகுந்த நீரில் கிராஃபீன் ஆக்சைடு நெடுநாள் மிதப்பதை அதே ஆய்வு கண்டது. எந்தச் சக்தி வெல்லும் என்பதை வடிநீர்ப் புட்டி சொல்லாது. இந்தக் கால்வாய்களில் அள்ளிய நீரில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மிதந்து போகும் தகடு என்றாவது கடலைத் தொடும். கடல்நீரில் சோடியம் மேலே சொன்ன அளவைப்போல் பத்து மடங்குக்கும் அதிகம், கால்சியமும் அப்படியே. முகத்துவாரத்தில் தகடுகள் திரண்டு சேற்றில் இறங்கும். பொந்தியான் மாவட்டத்துக் கடலோரச் சேறு சாதாரணச் சேறு அல்ல. தஞ்சோங் பியாய், குகூப் தீவு ஆகிய அலையாத்திக் காடுகள் 2003-இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. அந்தச் சேற்றைக் கிளறித் தின்னும் நண்டும் சிப்பியும் நம் சாப்பாட்டுத் தட்டுக்கும் வருகின்றன. ஆகவே நானோ தகடுகளைப் பெருமளவில் தயாரிக்கவோ பயன்படுத்தவோ கிளம்பும் எவரும் இரண்டு இடங்களில் அளந்து காட்ட வேண்டும்: கம்புட் கால்வாயின் நீரில் ஒன்று, முகத்துவாரத்துச் சேற்றில் இன்னொன்று.