டைல் விலை கேட்க முன் தரையைத் தட்டிப் பாருங்கள்

வீட்டுக்கு டைல் பதிக்க நினைக்கும் எம்மவர்கள் முதலில் செய்வது கடைக்குப் போய், சதுர அடி என்ன விலை என்று கேட்பதுதான். நானும் அப்படித்தான் செய்தேன். புறக்கோட்டையில் இருபத்தைந்து வருடமாகப் புடவை வியாபாரம் செய்பவன் நான். துணிக்கட்டை விரித்துப் பார்க்காமல் பணம் கொடுத்ததில்லை. ஆனால் சொந்த வீட்டுத் தரை விடயத்தில் மேலே தெரிந்ததை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டேன். விளைவு, ஒரே தரைக்கு இரண்டு தடவை பணம் கட்ட நேர்ந்தது.

எங்கள் வீடு கொலன்னாவையில் இருக்கிறது. எழுபதுகளில் வாப்பா கட்டியது. சிவப்புச் சீமெந்துத் தரை. மேன்ஷன் பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு உம்மா வைத்திருந்தார். 2016 மே மாத வெள்ளம் வீட்டுக்குள் வந்து போன பின், ஹோலின் ஒரு பக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கத் தொடங்கியது. கழுவினால் போகும், இரண்டு வாரத்தில் மீண்டும் வரும்.

2018 இல் மகளின் கல்யாணம். "பழைய தரைக்கு மேலேயே ஒட்டலாம் முதலாளி, நாலு நாள் வேலை" என்றார் மேசன் பாஸ். பெருநாள் சரக்குக்கு ஒதுக்கி வைத்த பணத்தில் கை வைத்தேன். அந்த வருடப் பெருநாளுக்கு எமது கடையில் பாதி ராக்கை வெறுமையாக இருந்தது. வந்த வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அவர்களில் சிலர் இன்னும் திரும்பி வரவில்லை.

2019 கடைசியில் ஒரு பகல் நேரம், ஹோலின் நடுவில் நான்கு டைல்கள் பெரிய சத்தத்துடன் கூரை போல் கிளம்பி நின்றன. பிறகுதான் விசாரித்தேன். நாற்பது வருட பொலிஷ் மெழுகு தரையில் ஊறியிருந்தது. அதன் மேல் எந்தச் சீமெந்தும் பிடிக்காது. கொத்தி எடுத்திருக்க வேண்டும். இரண்டாவது, நான் வாங்கியவை போசிலின் டைல்கள். அவை நீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். நூற்றுக்கு அரை வீதம்கூட இல்லை. சாதாரண செரமிக் டைலைப் போல் வெறும் சீமெந்துப் பாலில் அவை ஒட்டாது. அதற்கென்றே விற்கும் பசை தேவை. மூன்றாவது, அழகுக்காக இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்திருந்தார்கள். சூட்டில் டைல் சற்று விரியும். விரிய இடமில்லாவிட்டால் மேலேதான் கிளம்பும். இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியும், சுவரோரத்தில் ஸ்கேர்டிங் மறைக்கும் அளவு இடமும் விட்டிருந்தால் போதும்.

நாலு டைலை மாற்றினால் சரி என்று நினைத்தேன். அதே நிறம், அதே லொட் கிடைக்கவில்லை. 2020 இல் டைல் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்ட பின் அந்த வகையே சந்தையில் இல்லாமல் போனது. பாயைப் போட்டு மறைத்தோம். அந்தப் பாயில் கால் தடக்கி உம்மாவின் மணிக்கட்டு உடைந்தது.

2024 இல் இரண்டாவது தடவை வேலையைத் தொடங்கியபோது, டைல் கடைக்குக் கடைசியாகத்தான் போனேன். முதலில் ஒரு மரக்கட்டையை எடுத்து வீடு முழுவதும் தட்டினேன். உறுதியான தரை கனத்த சத்தம் தரும். அடியில் வெறுமை இருந்தால் டொக் டொக் என்று கேட்கும். அந்த இடங்களைச் சோக்கால் வட்டமிட்டேன். பின்னர் இரண்டு அடிச் சதுரப் பொலித்தீனை உப்புப் பூத்த இடத்தில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தூக்கிப் பார்த்தபோது அடியில் வியர்வை போல நீர்த்துளி. நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. செலவில்லாத இந்தச் சோதனையை 2018 இல் செய்திருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். (மரம் போன்ற லெமினேட் தரை இப்போது மோகமாக இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது அமுக்கிய மரத்தூள். ஈரம் பட்டால் ஊதிவிடும். எமது பக்கத்து வீடுகளுக்கு அது சரிவராது.)

ஈரம் ஏறிய பக்கத்தைத் தோண்டி, மண்ணை இறுக்கி, தடித்த பொலித்தீன் விரித்து, மேலே கொங்கிறீட் போட்டோம். அது நன்கு காய ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணத் திகதியை வைத்துக்கொண்டு தொடங்கும் வேலை இதுவல்ல.

அடுத்தது மட்டம். நீர்க்குழாய் பிடித்துப் பார்த்ததில், ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் ஒன்றரை அங்குல வித்தியாசம். இதைச் சிறிய விடயம் என்று எண்ண வேண்டாம். 900 சதுர அடியில் சாந்து அரை அங்குலம் கூடினால், ஒன்றுக்கு நான்கு கலவையில் 8 பை சீமெந்தும் 40 கன அடி மணலும், அதாவது கியூபில் ஐந்தில் இரண்டு பங்கும் மேலதிகமாகப் போகும். தரை உயர்ந்தால் கதவுகளின் அடியை வெட்ட வேண்டும். ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் படி விழும். வயதானவர்கள் தடக்குவது அரை அங்குலப் படியில்தான். வுழூச் செய்யும் இடத்துக்கும் குளியலறைக்கும் வழுக்காத சொரசொரப்பான டைல் எடுத்து, நீர் போகும் பக்கம் அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்தோம்.

இவ்வளவும் எழுதிய பின்புதான் டைல் கணக்கு. இரண்டு அடி டைல் நான்கு அடங்கிய பெட்டி 15.5 சதுர அடி வரும். 900 சதுர அடிக்கு 59 பெட்டி. பழைய வீட்டு அறைகள் மூலை மட்டத்தில் இருப்பதில்லை, வெட்டுத்துண்டு கூடும். ஆகவே பத்து வீதம் சேர்த்து 64. ஒரு பெட்டி கையிருப்புக்கு. எல்லாம் ஒரே லொட் இலக்கம்தானா என்று லொறியிலிருந்து இறக்க முன் பார்த்தேன். விலை எழுதி வாங்கும்போது பெறுமதி சேர் வரி உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். பழைய தரையை உடைத்த கழிவை ஏற்றிச் செல்லும் கூலியையும் கணக்கில் எழுதுங்கள்; பாஸ்மார் அதைச் சொல்வதில்லை.

இம்முறை கடைப் பணத்தைத் தொடவில்லை. ஹோலை ஒரு வருடம், அறைகளை மறு வருடம் என்று பிரித்துச் செய்தேன். 65 பெட்டியையும் முதலிலேயே எடுத்து, அறைகளுக்கானதை விறாந்தையில் அடுக்கி வைத்தேன்.

உம்மாவின் அறையையும் தட்டிப் பார்த்தேன். முழுவதும் கனத்த சத்தம்; பொலித்தீனின் அடியில் ஒரு துளி நீர் இல்லை. அங்கே டைல் பதிக்கவில்லை. வாப்பா போட்ட சிவப்புச் சீமெந்து அப்படியே இருக்கிறது. மீந்த பெட்டிகள் அந்த அறைக் கட்டிலுக்குக் கீழே, லொட் இலக்கம் தெரியும்படி இருக்கின்றன.