வண்ணக் கோடு காவலாகுமா?

சாலையோரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு கோடு போட்டுவிட்டால், பிள்ளையை அச்சமின்றிப் பள்ளிக்கு அனுப்பலாம் அல்லவா என்று குனோங் ராபாட்டில் ஒரு தந்தையார் என்னைக் கேட்டார். தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிள் பழகியவன் நான். அங்கே கோடும் இல்லை, லோரியும் அரிது. ஆதலின் உடனே விடைகூற இயலவில்லை.

கோலாலம்பூரில் 2018ஆம் ஆண்டு மாநகர மன்றம் சில சாலைகளில் நீல வண்ணம் தீட்டிச் சைக்கிள் தடம் அமைத்தது. அத்தடத்தின்மீது கார்களை நிறுத்தி வைத்தனர். மழையில் வண்ணம் வழுக்குகிறது எனச் சைக்கிளோட்டிகள் முறையிட்டனர். நம் நாட்டில் மழையில்லா மாதம் எது?

இவை பராமரிப்புக் குறைகளே என்று தள்ளிவிடலாம். கோடு நன்றாயிருந்தாலும் இடருண்டு என்பதுதான் வியப்பு. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 60 சைக்கிளோட்டிகளின் வண்டிகளில் அளவுகருவி பொருத்தி, மோட்டார் வண்டிகள் அவர்களைக் கடந்த 18,527 தடவைகளிலும் இடைவெளியை அளந்து, 2019இல் முடிவை வெளியிட்டனர். வெறுங்கோட்டுத் தடமுள்ள சாலையில் அவ்விடைவெளி, தடமே இல்லாத சாலையைவிடச் சராசரி 27 சென்டிமீட்டர் குறைவு! காரணம் எளிது. கோடு இல்லாதபோது காரோட்டி சைக்கிளைப் பார்த்து ஒதுங்குகிறார். கோடு இருந்தால் கோட்டைப் பார்த்து ஓட்டுகிறார். தம் பக்கத்தில் தாம் செல்வதாக அவர் எண்ணம்.

வண்ணம் முற்றிலும் வீண் என்பதன்று. கோப்பன்ஹேகன் சந்திகளைப் பற்றிய 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒரே ஒரு நீலக் கடவை தீட்டிய சந்தியில் விபத்து 10 விழுக்காடு குறைந்ததாகவும், நான்கு தீட்டிய சந்தியில் 60 விழுக்காடு கூடியதாகவும் கூறுகிறது. எங்கும் நீலமானால் கண் எதில் நிற்கும்? வகுப்பில் எல்லாச் சொற்களுக்கும் அடிக்கோடிடும் மாணவனை ஆசிரிய அன்பர்கள் அறிவர்.

நிற்க. காவல் தருவது எது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டார் சைக்கிள்களுக்கு, காரும் லோரியும் புகாதபடி, தனித்தடம் அமைத்தனர். அதனால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் கணிசமாகக் குறைந்தன என்று ராடின் உமாரும் உடனாய்வாளரும் 1990களில் கண்டனர். அத்தடத்திலும் குறைகள் உண்டு. சுரங்கவழிகளில் மழைநீர் தேங்குவதைச் சென்றவர் அறிவர். ஆயினும் அங்கே பிரித்து நிற்பது வண்ணமன்று, தடுப்பு.

மறுவாரம் அத்தந்தையாரைக் கண்டபோது, "கோடு மட்டுமுள்ள சாலையில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், ஐயா, முழங்கால் உயரத்துக்கேனும் ஒரு சிமிண்டுத் திட்டு எழுந்தபின் பார்ப்போம்" என்றேன். அதுவரை தாமே பின்னால் இன்னொரு சைக்கிளில் வருவதாக அவர் சொன்னார்.